ஏழாம் நம்பர் தட்டு

கை கழுவும்போதே துளசிமணிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு மனசு ஓரிடத்தில் நிற்காது என்று. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, இருபது வரை எண்ண வேண்டும் என்பது ஆய்வகத்துச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று வந்தாள். ஏழிலிருந்து எட்டுக்குப் போக முடியவில்லை. மறுபடி ஐந்திலிருந்து தொடங்கினாள், மறுபடி ஏழில் வந்து நின்றது. தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மூன்று மாடிக் கட்டடத்தில் அவளையும் கீழே கேட்டில் உட்கார்ந்திருக்கும் மாரப்பனையும் விட்டால் ஆள் கிடையாது. “ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழமை கூட விட மாட்டீங்ளா?” என்று எப்போதும் கேட்பதைத்தான் மாரப்பன் இன்றைக்கும் கேட்டார். “அதுகளைப் பட்டினி போட முடியுமுங்ளாண்ணா?” என்று எப்போதும் சொல்வதைத்தான் இவளும் சொன்னாள். சொன்னது பொய், இன்றைக்கு அவள் தீனி போட வரவில்லை, கொல்ல வந்திருக்கிறாள். கொல்ல என்று ஆய்வகத்தை நடத்தும் மேகலா மேடம் சொல்லவில்லை, படித்தவர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் போனில் சொன்னது இவ்வளவுதான்: “துளசிக்கா, ஏழாம் நம்பருக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு. அது ஆம்பளையோட செல்லே இல்லையாம், பொம்பளையோடதாம். எங்கயோ மாறியிருக்கு. யாருதுன்னு தெரியாத லைனை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நாளைக்கு வர்றப்ப பிளீச் ஊத்திடுங்க. டேங்க்ல இருக்கற ஆறு குப்பியையும் எடுத்துடுங்க.” சரிங்க மேடம் என்றாள். சாப்பிட்டீங்களாக்கா என்று மேடம் கேட்டதற்கும் ஆச்சுங்க என்றாள். சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. இன்றைக்கு விடிந்ததும் உப்புமா கிளறி டப்பாவில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள், அது பையில் அப்படியே இருக்கிறது. ஏழாம் நம்பருக்குப் போட்டுவிட்டுத்தான் தன் டப்பாவைத் திறப்பாள். நாலு வருஷப் பழக்கம். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷப் பழக்கம். குழாயை மூடினாள். எண்ணிக்கை முடியவில்லை, போகட்டும்.

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் வந்து தொட்டது. முப்பத்தேழு டிகிரி, மனுஷ உடம்பின் சூடு. இந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை முறையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டது, மற்றவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, எனக்கென்ன என்று சொல்லி. வீட்டில் கட்டிலின் வலப்பக்கம் கையை வைத்தால் மார்கழியில் தரை மாதிரி ஜில்லென்று இருக்கும். இங்கே அவர் சூடாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அவர் என்றால் நாச்சிமுத்து, அவள் வீட்டுக்காரர், பீளமேட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். செத்து நாலு வருஷமாகிறது. ஆனால் சாவதற்கு ரெண்டு வருஷம் முன்னால் இடது முழங்கையில் மிளகு அளவுக்குத் தோலைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தோலிலிருந்து செல்லைப் பிரித்து, நாலு ஜீனை உள்ளே அனுப்பி, மூன்று நாலு வாரம் காத்திருந்தால், நான் தோல் என்பதையே அது மறந்துவிடும். தாய் வயிற்றில் விழுந்து நாலைந்து நாளான கரு எப்படி இன்னதென்று இல்லாமல் இருக்குமோ, அப்படி ஆகிவிடும், தீனி போடப் போடப் பெருகிக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் லைன் என்று பேர். அதற்கப்புறம் அதை இதயமாக்கலாம், நரம்பாக்கலாம், கண்ணின் உள்தோலாக்கலாம். இதை அவள் வீட்டில் விளக்கியபோது நாச்சிமுத்து சாப்பாட்டை மென்றுகொண்டே, “அட, இவ்வளவுதானா? பொகைஞ்ச மோட்டார்ல பழைய காயிலை அறுத்துப் போட்டுட்டுப் புதுசாச் சுத்தறோம். அதையேதான நீங்க தோலுக்குப் பண்றீங்க? இதுக்குப் போயி இத்தனை படிப்பா?” என்றார். மேடத்திடம் சொன்னாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அன்றிலிருந்து ஆய்வகம் பார்க்க வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த மோட்டாரைத்தான் உதாரணம் சொல்கிறார். பல்லிக்கு வால் முளைக்கிறது, ஈரலை வெட்டிக் கொடுத்தால் மிச்சம் வளர்ந்துவிடுகிறது, சின்னக் குழந்தைக்கு விரல்நுனி போனால் திரும்ப வருகிறது, மனுஷ உடம்புக்குத் தெரியாமல் இல்லை, மறந்துதான் போயிருக்கிறது, நாம் ஞாபகப்படுத்துகிறோம் என்பார். துளசிமணிக்கு அந்த இடத்தில் எப்போதும் வலதுகை மோதிரவிரல் குறுகுறுக்கும். ஐந்து வயதில் அரிவாள்மணையில் அதன் நுனி போயிற்று. அம்மா மஞ்சளை அப்பித் துணி சுற்றினாள். சுற்றிய துணிக்குள் இருட்டில் அது தன்பாட்டுக்கு வளர்ந்து, நகத்தோடு, ரேகையோடு வந்துவிட்டது. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் இதயத்துக்கு அது ஆகாது. இதயத்தில் செத்த இடம் தழும்பாகத்தான் நிற்கும், துடிக்காது. நாச்சிமுத்துவுக்கு முதல் தடவை நெஞ்சு வலித்தபோது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் படத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசுதானே என்று அவள் தைரியமாக இருந்தாள்.

தட்டை எடுத்து, கிருமி அண்டாமல் காற்று ஓடும் ஹூட்டுக்குள் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற தட்டு. நேற்று இளஞ்சிவப்பாக ஊற்றிய மீடியம், அதுதான் செல்லுக்குத் தீனி, இப்போது மஞ்சளாகிக் கிடந்தது. தின்றிருக்கிறது. பசியோடு இருக்கிறது. தினமும் இதே நேரத்தில் இதே நிறம், ஒரு நாள் தவறினால் ஓரத்திலிருந்து கெட ஆரம்பித்துவிடும், தீபாவளி பொங்கல் எதுவும் அதற்குத் தெரியாது. அவர் இறந்து பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஊரெல்லாம் வாயில் விரலை வைத்தது. நாத்தனார் வாசலிலேயே கேட்டாள், “சாம்பல் கூட ஆறலியே, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று. அவளிடம் என்னவென்று சொல்வது? உங்க அண்ணனுக்குச் சோறு போடப் போகோணும் என்றா? பைத்தியம் என்று கட்டிப்போட்டுவிடுவார்கள். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “நல்லா இருக்கீங்ளா?” என்று மெதுவாகக் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள். பதில் எதிர்பார்த்தல்ல, அவர் இருந்தபோதும் பெரிதாகப் பதில் சொன்னவர் இல்லை. இந்த ஏழாம் நம்பர் பெரிய ஆராய்ச்சிக்கெல்லாம் போகாதது, புதிதாக வரும் மாணவர்கள் கை பழகுவதற்கு என்று வைத்தது, அதனால்தான் இத்தனை வருஷம் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, போன மாசம்தான் எல்லா லைனையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். போன வருஷம் ஒரு மாணவி கை பழகுவதற்காகவே அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இதயச் சதையாக மாற்றினாள். பன்னிரண்டாம் நாள் காலை, “அக்கா, ஓடி வாங்க, துடிக்குது!” என்று கத்தினாள். துளசிமணி ஓடவில்லை. நடந்துதான் போனாள். தட்டுக்குள் ஒரு கொசு அளவுக்குச் சதை, சுருங்குகிறது, விரிகிறது, சுருங்குகிறது. பெண்ணை அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன இதயம். தழும்பில்லாத இதயம். கண்ணாடி மேல் விரலை வைத்தாள், துடிப்பு விரலுக்கு எட்டாது என்று தெரிந்தும் வைத்தாள். இப்போது ரிப்போர்ட் சொல்கிறது, அது பொம்பளையுடையது என்று. அப்படியென்றால் அன்றைக்கு எவளுடைய இதயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்? யார் வீட்டுப் பெண்ணிடம் நாலு வருஷமாக நல்லா இருக்கீங்ளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்? பக்கத்து ஆய்வகத்துப் பிள்ளைகள் தட்டு மாற்றி எடுப்பார்கள், மூடியை மாற்றி மூடுவார்கள், எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தர் எப்போதோ ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அவரை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு யாரையோ அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். எப்போது? இதயம் துடித்தது அதற்கு முன்பா, பின்பா? ராத்திரி பூரா இதே கேள்விதான். முன்பு என்றால் அது அவர். பின்பு என்றால் எவளோ. முன்பு, பின்பு, முன்பு, பின்பு என்று விடிய விடியப் புரண்டாள்.

இடது கையில் கையுறை மாட்டும்போது முழங்கைக்குக் கீழே அந்த வெள்ளைத் தழும்பு தட்டுப்பட்டது. மிளகு அளவு. அவளும்தான் கொடுத்தாள். அன்றைக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நோய்நொடி இல்லாதவர்கள் தோல் வேண்டும் என்று மேடம் கேட்டபோது வெளியாள் யார் வருவார்கள்? ஆய்வகத்தில் எப்போதும் இதுதான் வழக்கம், அங்கே வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும்தான் கையை நீட்டுவது. அவள் நோட்டைத் தவிரப் பேர் எங்கேயும் வராது, நம்பர்தான். ஆடி மாசம், புதன்கிழமை, வெளியே காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. தோல் எடுக்கும் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள், எடுத்து வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவளுக்கே கொஞ்சம் திமிர் உண்டு. ரெண்டு குழாய், ஏழு, எட்டு என்று நம்பர் ஒட்டியது. நோட்டில் எழுதினாள்: நாச்சிமுத்து ஏழு, துளசிமணி எட்டு. ரேஷன் கார்டில் அப்படித்தான், கேஸ் புத்தகத்தில் அப்படித்தான், கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் பேர் சொல்லும்போதும், கல்யாணத்தில் மொய்க்கவர் மேல் எழுதும்போதும் அப்படித்தான். அவர் பேர், பிறகு தன் பேர். கை யோசிக்கவே யோசிக்காது. குழாய்களையும் அதே வரிசையில் மேஜையில் நிறுத்தினாள், முதலில் அவர், பக்கத்தில் இவள். டாக்டர் ஊசியை எடுத்தார். நாச்சிமுத்துவுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் கைவைக்கிற மனுஷனுக்கு அரையங்குல ஊசி என்றால் ஆகாது. டாக்டரைப் பார்த்துச் சிரித்த மாதிரி ஒரு இளிப்பு. அப்புறம் இவள் தோளைப் பிடித்து லேசாகத் தள்ளி, “நீ முன்னால போ அம்மிணி, நான் பின்னாலயே வாரேன்” என்றார். போனாள். சுருக்கென்றது, அவ்வளவுதான். அடுத்து அவர். அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, இவள் சோடா வாங்க ஓடினாள், கீழே மாரப்பனிடம் சில்லறை கேட்டது வரைக்கும் ஞாபகமிருக்கிறது. திரும்பி வருவதற்குள் டாக்டர் ரெண்டு துணுக்கையும் போட்டு மூடிவிட்டார். எதில் போட்டார்? கையுறை பாதி மாட்டிய கை அப்படியே நின்றது. எதில் போடுவார், முதலில் வந்த தோலை முதலில் இருந்த குழாயில் போடுவார். இரண்டாவதை இரண்டாவதில் போடுவார். அவர் என்ன கண்டார், இந்த வீட்டில் யார் பேர் முன்னால் எழுதுவார்கள், யார் உடம்பு முன்னால் போகும் என்று? மாணவர்கள் மேல் ராத்திரி முழுக்கப் பழி போட்டாளே, ஒரு பிள்ளையும் எதையும் மாற்றவில்லை. மாறியது அன்றைக்கே, முதல் நிமிஷத்திலேயே, அவள் கையால். ஏழாம் நம்பர் எந்த எவளும் இல்லை. அது துளசிமணி.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹூட்டின் காற்று ஒரே சீராக உம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரே கைகொட்டிச் சிரிக்கிற மாதிரி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, சிரிப்பதற்கு ஒரு ஆளும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, அவர் மேல்தான், செத்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காமல் வந்தது. நீ முன்னால போ அம்மிணி. அந்த வார்த்தையை அவர் அன்றைக்குத்தான் சொன்னாரா? பிள்ளை இல்லை என்று ஆனபோதும் அதைத்தான் சொன்னார். “நீ முன்னால போயி டாக்டரைப் பாரு அம்மிணி, உன்னுதுல ஒண்ணுமில்லைன்னா நான் வாரேன்.” ஆறு வருஷம் போனாள். காலை வெறும் வயிற்றில் ரத்தம், மல்லாக்கப் படுக்க வைத்து ஸ்கேன், தொப்புளுக்குக் கீழே ஊசி, பஸ்ஸில் திரும்பி வரும்போது உட்கார முடியாமல் நின்றுகொண்டே வருவது. உங்களுக்கு ஒன்றுமில்லையம்மா, அவரைக் கூட்டி வாங்க என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அதை வீட்டில் வந்து சொன்னாள். சரி என்றார். வரவில்லை. அப்புறம் இவளும் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய பெரியம்மா எல்லார் காதிலும் விழ, “யார்கிட்ட கொறையாம்?” என்று கேட்டாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் இவளுக்குப் பொறுக்கவில்லை. “என்னுதுதானுங்க” என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது. பெரியம்மா உச்சுக்கொட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் பூ வாங்கிக் கொடுத்தார், வண்டியை நிறுத்தி, ரெண்டு முழம். அதை இத்தனை நாள் அன்பு என்று வைத்திருந்தாள். அன்புதான். அன்பு இல்லை என்று யார் சொன்னது? பயந்த மனுஷனின் அன்பு அப்படித்தான் இருக்கும். நெஞ்சு வலித்தபோதும் ரெண்டாம் பரிசோதனைக்கு நாளைக் கடத்திக்கொண்டே போனார், உனக்குத்தான் பிரஷர் இருக்கு, முன்னால நீ போய்ப் பாரு என்றார். பார்த்தாள். எல்லா இடத்துக்கும் அவளை முன்னால் அனுப்பிய மனுஷன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தான் முன்னால் போனார். பின்னாலயே வா என்று சொல்லிவிட்டும் போகவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள், பிறகு அந்தக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினாள்.

எட்டு. எட்டை நினைக்காமல் எவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறது மனசு, கிணற்றைப் பார்த்த மாடு மாதிரி. குழாயடியிலேயே எட்டுக்கு அது போக மாட்டேன் என்றதே, அதற்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஏழாம் நம்பர் இவள் என்றால் எட்டாம் நம்பர் அவர். எட்டாம் நம்பர் எங்கே? எழுந்தாள். செல்லைக் குப்பியில் உறையவைத்திருக்கும் நைட்ரஜன் டேங்க் அறைக்கு நடந்தாள், ஓடவில்லை, ஓடி என்ன ஆகப்போகிறது. தடித்த நீலக் கையுறையை மாட்டி மூடியைத் தூக்கினாள். வெண்புகை வழிந்து காலடியில் பரவியது. அடுக்கை மெல்ல மேலே இழுத்தாள். இரண்டாவது பெட்டி, மூன்றாம் வரிசை. ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் இடம் போதவில்லை என்று மேடம் கூப்பிட்டுக் கேட்டார், கை பழகுவதற்கு ரெண்டு லைன் எதற்கு, ஒன்று போதுமே, ஏழா எட்டா, எதை வைத்துக்கலாம் என்று. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “எட்டாம் நம்பர் என்னுதுதானுங்க மேடம், அதைக் கொட்டீரலாம்” என்றாள். கொட்டியதும் அவள்தான். தட்டில் பிளீச்சை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, தொட்டியில் கவிழ்த்து, தண்ணீர் விட்டாள். குப்பிகளை எடுத்து உருகவைத்து அதிலும் ஊற்றினாள். அன்றைக்கு மனசில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது, அவருக்காக ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி. சாயங்காலம் ஏழாம் நம்பரைப் பார்த்து, உங்களுக்கு இடம் போதுமுங்ளா என்று கேட்டது கூட ஞாபகம் வந்தது, ஐயோ, அது வராமலே இருந்திருக்கலாம். ஒரு குப்பியாவது விட்டுப்போயிருக்கக் கூடாதா? வேறு யாராவது செய்திருந்தால் ஒன்றிரண்டு விட்டிருப்பார்கள், மறந்து வேறு பெட்டியில் வைத்திருப்பார்கள், மனுஷர்கள் தானே. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது, கடைசி வரைக்கும் ஒவ்வொரு குப்பியாகத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். கையுறைக்குள் விரல் மரத்தது. பதினொன்று, பதினான்கு, ஏழு, ஏழு, இருபது. எட்டு இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தாள். எட்டாம் நம்பர், மொத்தம் ஐந்து குப்பி, ஐந்தும் அழிக்கப்பட்டன, து.மணி என்று கையெழுத்து, அடியில் ரெண்டு கோடு. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அந்தத் திமிரின் மேல் முதல் தடவையாகக் காறித் துப்பலாம் போல் இருந்தது. மயானத்தில் சாம்பலை வாங்கிப் பவானிக்குக் கொண்டுபோய்க் கரைத்தபோது கூட, எல்லாம் போகவில்லை, ஒரு மிளகு அளவுக்கு என்னிடம் இருக்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டுதான் படித்துறையில் நின்றாள். அழுத மைத்துனரை அவள்தான் தேற்றினாள். இப்போது அந்த மிளகும் இல்லை. அவரை ரெண்டாம் தடவை அனுப்பி ரெண்டரை வருஷமாகிறது, அனுப்பினோம் என்பதே தெரியாமல். மூடியை இறக்கினாள். புகை கொஞ்ச நேரம் தரையில் கிடந்து, பிறகு காணாமல் போயிற்று.

திரும்பி வந்தபோது ஏழாம் நம்பர் ஹூட்டுக்குள் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் மஞ்சளாக. சொன்ன வேலையை முடிக்க வேண்டும். பிளீச் பாட்டிலை எடுத்து அளவுக்குழாயில் ஊற்றினாள், நெடி கண்ணைக் கரித்தது, அல்லது அதற்கு முன்பே கரித்துக்கொண்டிருந்தது. இனி இது எதற்கு? இதைக் காப்பாற்றியது அவருக்காக. அவர் இதில் இல்லை. நம்பர் மாறிய லைன் ஆராய்ச்சிக்கும் ஆகாது. பத்து நிமிஷம் ஊறவைத்து, கவிழ்த்து, தண்ணீர் விட்டால் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போய்? அது அப்புறம். தட்டின் மூடியைத் திறந்தாள். குழாயைச் சாய்த்தாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று, “என்னுதுதானே.” ஆளில்லாத அறையில் அந்தச் சொல் பெரிதாகக் கேட்டது. கை நின்றுவிட்டது. பந்தியில் சொன்ன அதே குரல். மேடத்திடம் சொன்ன அதே குரல். சொன்ன ரெண்டு தடவையும் என்ன போயிற்று என்று பார்க்காமலே கொட்டியாயிற்று. அளவுக்குழாயைக் கீழே வைத்து, தட்டை மூடி, மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துப் போனாள், ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. நேற்று இருந்த மாதிரியே இருந்தன, வட்ட வட்டமாக, நெருக்கியடித்துக்கொண்டு, ஓரம் பளபளவென்று. வெள்ளிக்கிழமைக்கும் இன்றைக்கும் இவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. இதே புள்ளிகளைப் பார்த்துத்தானே தினமும் கேட்டாள், நல்லா இருக்கீங்ளா என்று. சளி பிடித்திருந்த அன்றைக்கு முகமூடியின் மேல் முகமூடி போட்டுக்கொண்டு வந்தாள், தன்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று. மழையில் பஸ் நின்ற அன்றைக்கு சிங்காநல்லூரிலிருந்து நடந்து வந்தாள், பசிக்குமே என்று. துளசிமணிக்கு அப்படி ஒருத்தர் நடந்து வந்ததில்லை. பசிக்குதா என்று கேட்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில், அதற்கப்புறம் நாலு வருஷத்தில், நல்லா இருக்கயா என்று அவளை ஒரு ஆள் நின்று கேட்டதில்லை. இவள் ஆயிரத்துச் சொச்சம் தடவை கேட்டிருக்கிறாள், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல். அந்தக் கொசு அளவு இதயம், தழும்பு இல்லாமல் துடித்ததே, அது ஐம்பத்தைந்து வயசு துளசிமணியுடையது. கையைத் தன் மார்பில் வைத்தாள். கோட்டு, சேலை, எல்லாவற்றையும் தாண்டி அது அடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்குப் பார்த்த அதே வேகமா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

போனை எடுத்தாள். ரெண்டாவது மணியில் மேடம் எடுத்தார், பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். “மேடம், ஏழாம் நம்பரைக் கொட்டலைங்க.” “ஏங்க்கா? யாருதுன்னே தெரியாத லைனை வெச்சு என்ன பண்றது?” “தெரிஞ்சுபோச்சுங்க. என்னுது.” மேடத்துக்குப் புரியவில்லை. புதன்கிழமையை, குழாயை, யார் முன்னால் போனது என்பதை, நாலே வாக்கியத்தில் சொன்னாள். “என்ற ரத்தத்தை எடுத்து ஒத்துப் பாத்துக்குங்க. ஒத்துப்போச்சுன்னா யாருதுன்னு தெரிஞ்ச லைன்தானுங்ளே அது? வெச்சுக்கலாமுங்ளே?” வெச்சுக்கலாம், வெச்சுக்கலாம் என்று யோசித்தபடியே சொன்ன மேடம், சட்டென்று, “அப்ப எட்டாம் நம்பர்?” என்றார். மிக்ஸி நின்றது. “அக்கா… அன்னிக்கு நீங்கதானே…” என்று மேடத்தின் குரல் பாதியில் உடைந்தது. “ஆமாங்க” என்றாள். மேடம் அழுகிறார் போலிருந்தது. சின்ன வயசு, நல்ல மனசு. இதோ கிளம்பி வரேன்க்கா, அங்கேயே இருங்க என்றார். “வாங்க. இப்ப வெச்சரட்டுங்ளா? மீடியம் ஆறிப்போயிரும்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பிளீச்சைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். மஞ்சளை உறிஞ்சி எடுத்துவிட்டு, தட்டின் ஓரமாக, புள்ளிகள் மேல் நேராக விழாமல், புதிய மீடியத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தட்டு இளஞ்சிவப்பாக நிறைந்தது. “நல்லா இருக்கயா, துளசி?” என்று கேட்டாள். கேட்டவளேதான் பதிலும் சொல்ல வேண்டும். “இல்லை” என்றாள். அப்புறம் தட்டை அதன் சூட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, கையைக் கழுவி, இருபது வரைக்கும் எண்ணி, வெளியே வந்து டப்பாவைத் திறந்தாள். உப்புமா ஆறிக் கட்டியாகியிருந்தது, இருந்தாலும் பசித்தது.